பக்கத்து ரௌட்டர் சொன்ன வழி

ஜொகூர் பாரு, கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட். ரயில் பாதையில் வரிசையாக வரும் இந்த ஐந்து ஊர்களிலும் தலா ஒரு ரௌட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பாடம் நடத்தும்போது நான் வெண்பலகையில் வரையும் படம் இதுதான்.

சிகாமட் ரௌட்டர் ஜொகூர் பாருவைக் கண்டதில்லை. ‘மூன்று தாவலில் போகலாம்’ என்று லாபிஸ் சொல்கிறது. சிகாமட் அதோடு ஒன்றைக் கூட்டி நான்கு என்று குறித்துக்கொள்கிறது. லாபிஸும் குளுவாங் சொன்னதைக் கேட்டுத்தான் சொல்கிறது. முழு வரைபடம் யாரிடமும் இல்லை. எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். பெல்மனும் ஃபோர்டும் 1950களில் வகுத்த இந்தக் கணக்கை வைத்துத்தான் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முதல் பத்தாண்டு ஓடியது. ‘ரிப்’ நெறிமுறையாக அதை 1988-ல் ஆவணப்படுத்தியவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெட்ரிக்.

30 விநாடிக்கு ஒருமுறை ரௌட்டர்கள் இப்படிப் பேசிக்கொள்கின்றன. திடீரென்று ஜொகூர் பாரு – கூலாய் கம்பி அறுந்துவிடுகிறது. கூலாய் அதை அறிவிப்பதற்குள் குளுவாங்கின் பழைய செய்தி வந்து சேர்கிறது: ‘ஜொகூர் பாரு எனக்கு 2.’ அந்த வழியே தன் வழியாகத்தான் போகிறது என்று கூலாய்க்குத் தெரியாது. 3 என்று எழுதுகிறது. குளுவாங் 4 ஆக்குகிறது. கூலாய் 5. தரவுப் பொட்டலங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே பந்தாடப்படுகின்றன. இந்த ஏற்றம் எங்காவது நிற்க வேண்டுமே, அதற்காகத்தான் ரிப்பில் 16 என்றால் முடிவிலி. யாரிடம் கேட்டோமோ அவரிடமே அந்த வழியைத் திருப்பிச் சொல்லாதே என்ற ‘ஸ்ப்ளிட் ஹொரைசன்’ விதியும் இதனால் வந்ததே.

சிஸ்கோ ரௌட்டரில் ரிப்பை அமைக்க நாலைந்து வரிதான்: ‘ரௌட்டர் ரிப்’, ‘வெர்ஷன் 2’, நேரடியாக இணைந்த ஒவ்வொரு வலையத்துக்கும் ஒரு ‘நெட்வொர்க்’ வரி. மாணவர்கள் மறப்பது ‘நோ ஆட்டோ-சம்மரி’. ஜொகூர் பாருவுக்கு 10.1.0.0, சிகாமட்டுக்கு 10.2.0.0, நடுவிலுள்ள இணைப்புகளுக்கு 192.168 முகவரிகள் கொடுத்துப் பாருங்கள். அந்த வரி விடுபட்டால், பழைய மென்பொருளில் இரண்டு முனைகளும் ‘10.0.0.0 என்னிடம்தான்’ என்று சுருக்கி அறிவிக்கும். குளுவாங் சரியாக நடுவில் இருக்கிறது. இரு பக்கமும் தூரம் 2. அது இரண்டையும் நம்புகிறது. அங்கிருந்து ஒரு முனைக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பினால், வெற்றிக்கு ஓர் ஆச்சரியக்குறி, அடுத்தது தோல்வி, மறுபடி ஆச்சரியக்குறி என்று திரையில் வரும். கம்பியில் பழுது தேடி ஒரு மாலைப் பொழுதே போய்விடும். முதலில் வழி அட்டவணையைத் திறந்து பாருங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

ஜொகூரில் எழும்பும் தரவு மையங்களின் அளவுக்கு ரிப் போதாது. 15 தாவலுக்கு அப்பால் அதற்கு உலகமே இல்லை. ஆனால் 1989-ல் பிறந்து, இன்று இணையம் முழுவதையும் கட்டிச் சேர்க்கும் பிஜிபி நெறிமுறையும் அதே வம்சம்தான். அதுவும் பக்கத்தவர் சொல்லைத்தான் கேட்கிறது. தூரத்தை மட்டும் கேட்பதில்லை. யார் யார் வழியாக வந்தது என்ற முழுப் பட்டியலையும் கேட்கிறது. அதில் தன் வலையமைப்பின் எண் இருந்தால் அந்த வழியை அப்போதே தள்ளிவிடுகிறது.