வெயில் தரும் முதுமை... தக்காளித் தொக்கு தடுக்குமா?

2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' மருத்துவ இதழில் வெளியான ஒரு போட்டோ இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 28 வருடங்கள் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கரின் முகம் அது. வலது கன்னம் வயசுக்கேற்ற மாதிரி இருக்கும். இடது கன்னமோ தடித்து, தொங்கி, ஆழமான கோடுகளோடு இருக்கும். ஏன்? அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். ஜன்னல் கண்ணாடி வழியா வெயில் பட்டது அந்தக் கன்னத்தில்தான்.

நம்ம ஊரில் பைக்கில் போகிறவர்களுக்கு அந்தக் கண்ணாடிகூட கிடையாது. 'வெயிலுக்கு இதைச் சாப்பிடுங்க, முகம் மின்னும்' என்று ரீல்ஸ் மட்டும் வரிசைகட்டி வருகிறது. உண்மையிலேயே சாப்பாட்டால் சருமத்தைக் காப்பாற்ற முடியுமா?

வெயில் என்ன செய்யுது?

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் யு.வி.பி மேல்தோலைச் சுட்டுக் கருக்கும். யு.வி.ஏ இன்னும் ஆழமாக இறங்கும். ஜன்னல் கண்ணாடி, மேகம் எதுவும் அதை முழுசா தடுக்காது. உள்ளே போய் ஃப்ரீ ரேடிக்கல்களை உருவாக்கும். கூடவே, தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனை வெட்டும் என்சைம்களையும் தூண்டிவிடும். இது வருடக்கணக்கில் நடக்கும்போதுதான் சுருக்கமும் தளர்ச்சியும்.

நம் தோலில் மெலனின் அதிகம் என்பதால் சுருக்கம் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும். ஆனால் கரும்புள்ளி, மங்கு எல்லாம் முந்திக்கொள்ளும்.

தட்டில் இருக்கும் உதவி

2011-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 20 பெண்கள் கலந்துகொண்டனர். ஒரு குழுவுக்கு தினமும் 55 கிராம் தக்காளி பேஸ்ட், ஆலிவ் ஆயிலோடு. இன்னொரு குழுவுக்கு வெறும் ஆலிவ் ஆயில். 12 வாரங்களுக்குப் பிறகு, தக்காளி சாப்பிட்டவர்களின் தோல் புற ஊதாக் கதிர் பட்டுச் சிவக்க முன்பைவிட அதிக கதிர் தேவைப்பட்டது. கொலாஜனை வெட்டும் என்சைமும் குறைந்திருந்தது. காரணம், தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன். ஆனால் சின்ன ஆய்வு. அதிலும் வெளிர் நிறத் தோல் உள்ளவர்கள். அந்தப் பலன் நமக்கு அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

லைகோபீன், எண்ணெயில் வதங்கிய தக்காளியிலிருந்துதான் உடலில் நன்றாகச் சேரும். ஆக, சாலட்டைவிட நம்ம வீட்டுத் தொக்கு பெட்டர்!

* கொய்யா, நெல்லிக்காய்: கொலாஜன் உருவாக வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். 100 கிராம் கொய்யாவில் 200 மி.கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சில் சுமார் 50 மி.கிராம்தான்.
* முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி: பீட்டா கரோட்டின்.
* மத்தி, அயிலை: அழற்சியைக் குறைக்க உதவும் ஒமேகா 3.

குறைக்க வேண்டியது சர்க்கரை. ரத்தத்தில் அதிகமாகச் சேரும் சர்க்கரை கொலாஜனோடு ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்கிவிடும். ஒரு நாளைக்கு அஞ்சு டீ குடிக்கிறவங்க கவனிங்க.

மாத்திரை போட்டா போதாதா?

ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நாலரை வருடங்கள் நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களின் தோலில் முதுமை 24 சதவிகிதம் குறைவு. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு? பெரிய பலன் எதுவும் இல்லை. இன்னொரு பக்கம், 1994-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்த புகைப்பிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகரித்திருந்தது. 'க்ளோ' மாத்திரையை ஆர்டர் பண்ணும் முன் யோசிங்க.

அப்போ என்னதான் செய்யணும்?

சாப்பாடு உள்ளிருந்து கொஞ்சம் கைகொடுக்கும்; அதுவும் வாரக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால்தான். சன்ஸ்கிரீனுக்கு அது மாற்று இல்லை. எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீனை போதுமான அளவு பூசினால் யு.வி.பி கதிர்களில் சுமார் 97 சதவிகிதத்தைத் தடுக்கும். யு.வி.ஏ-வையும் தடுக்கும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' வகையாகப் பார்த்து வாங்குங்கள். முழுக்கை சட்டை, குடை, தொப்பி இதெல்லாம் கூடுதல் காவல்.

காலையில் வண்டி எடுக்கும் முன் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் சன்ஸ்கிரீன். மதியம் டிபன் பாக்ஸில் தக்காளித் தொக்கு. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கொய்யா. 40 வயதில் கண்ணாடி பார்க்கும்போது இன்றைய உங்களுக்கு நன்றி சொல்வீர்கள்!