இரும்புச் சட்டத்தில் எழுந்த ஹோட்டல்

மும்பை காலா கோடா பக்கம் போனால், எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பழைய கட்டடத்தைச் சற்று நின்று பாருங்கள். ஒரு காலத்தில் புகழ்பெற்ற வாட்சன்ஸ் ஹோட்டல் அதுதான். 1860களில், வார்ப்பிரும்புத் தூண்களையும் உத்தரங்களையும் இங்கிலாந்தில் தயாரித்து, கப்பலில் கொண்டுவந்து பொருத்தினார்கள். வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையக் கூரையிலும் அவருக்குப் பங்குண்டு. பாரம் தாங்குவது சுவரல்ல, இரும்புச் சட்டமே. ரயில் பாலங்களோடு காலம் கழித்த எனக்கு அது பார்த்ததும் புரிந்தது.

1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டதும் அங்கேதான்.

2005ல் பால்கனியின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இரும்புக்கு வயதைவிடத் துருவே எதிரி. பாலத்துக்குத் தவறாமல் சோதனையும் பெயிண்டும் உண்டு. அதே கவனம் இந்தக் கட்டடத்துக்கும் வேண்டும். நிற்கும்போதே பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்.