உங்களுக்குத் தெரியுமா? பைசா செலவில்லாத பொக்கிஷ மாளிகை!

லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் என்றால் கடைகள்தான் நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்தைவிட்டு விலகிச் சில நிமிடம் நடங்கள். மான்செஸ்டர் சதுக்கம் வரும். அங்கே ஹெர்ட்ஃபோர்ட் ஹவுஸ் என்றொரு மாளிகை. அதற்குள் இருப்பது வாலஸ் கலெக்‌ஷன். பிரெஞ்சு ராணியின் மேஜையும் உள்ளே உண்டு, போர்க்குதிரை போட்ட இரும்புச் சட்டையும் உண்டு. நுழைவுக் கட்டணம்? பூஜ்யம்!

சுமார் 5,500 பொருள்கள். அவற்றில் கிட்டத்தட்ட பாதி ஆயுதங்களும் கவசங்களும்! மீதிப் பாதியில் ஓவியம், பீங்கான், அரண்மனை நாற்காலி, கடிகாரம், தங்கத்தில் செய்த மூக்குப்பொடி டப்பா. ஒரே கூரையின் கீழ்!

டிசம்பர் 24, 25, 26. இந்த மூன்று நாள் மட்டும்தான் விடுமுறை. மற்ற நாளெல்லாம் காலை 10 மணிக்குக் கதவு திறந்துவிடும்!

இத்தனையையும் பிரிட்டன் மக்களுக்கு எழுதி வைத்தவர் ஒரு பெண். பெயர் லேடி வாலஸ். இளம் வயதில் பாரிஸில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்தவர்! 1897-ல் அவர் காலமானார். உயிலைப் பிரித்துப் பார்த்தால் பொக்கிஷம் மொத்தமும் நாட்டுக்கு! அந்த நாட்டுக்கு ஒரு தனி மனிதரிடமிருந்து கிடைத்த கலைச் செல்வங்களில் இதுதான் மிகப் பெரியது என்பார்கள். 1900 ஜூன் 22 அன்று அருங்காட்சியகம் திறந்தது.

அவர் கணவர் ரிச்சர்ட் வாலஸ். இருவருக்கும் மகன் பிறந்தது 1840-ல். திருமணம் நடந்தது 1871-ல்!

வாலஸின் கதையே ஒரு நாவல். பிறந்தது 1818-ல். அப்போது பெயர் ரிச்சர்ட் ஜாக்சன். தாயின் பிறந்த வீட்டுப் பெயரான வாலஸைப் பின்னாளில்தான் சூட்டிக்கொண்டார். நான்காம் ஹெர்ட்ஃபோர்ட் பிரபுவிடம் செயலாளராக இருந்தார். ஏலக் கடைகளில் பிரபுவுக்காகப் போய் நின்று விலை கேட்டவர் இவர்தான். பிரபுதான் இவருடைய தந்தை என்று பலரும் நம்புகிறார்கள். பிரபு கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. 1870-ல் பிரபு இறந்தார். பட்டம் ஓர் உறவினருக்குப் போனது. பொக்கிஷம் அத்தனையும் செயலாளருக்கு வந்தது!

அதே 1870-ல் பாரிஸைப் பிரஷ்யப் படை முற்றுகையிட்டது. வசதி படைத்தவர்கள் ஓடினார்கள். வாலஸ் ஓடவில்லை! காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி, பசித்தவர்களுக்குப் பணம் என்று அள்ளிக் கொடுத்தார். முற்றுகைக்குள்ளிருந்து கடிதங்களோடு பறந்த பலூன் ஒன்றுக்கே பாரிஸ் மக்கள் அவர் பெயரை வைத்தார்கள்!

முற்றுகை முடிந்ததும் ஊரில் நல்ல தண்ணீர் இல்லை. வாலஸ் சொந்தப் பணத்தில் குடிநீர் ஊற்றுகள் நிறுவிக் கொடுத்தார். முதல் தவணையிலேயே 50! பச்சை வண்ண வார்ப்பிரும்பு, கூரையைத் தாங்கும் நான்கு பெண் சிலைகள். அன்பு, எளிமை, ஈகை, நிதானம் என்று நால்வருக்கும் பொருள் உண்டு. பாரிஸ் தெருவில் இன்றைக்கும் அந்த ஊற்றில் தண்ணீர் பிடித்துக் குடிக்கலாம். அதுவும் இலவசம்தான்!

பாரிஸிலிருந்து லண்டனுக்குச் சேகரிப்பு வந்தபோது ஹெர்ட்ஃபோர்ட் ஹவுஸ் தயாராகவில்லை. வாலஸ் என்ன செய்தார் தெரியுமா? கிழக்கு லண்டனில், உழைக்கும் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பெத்னல் கிரீன் பகுதியில் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். 1872 முதல் 1875 வரை! ராஜாக்கள் புழங்கிய பொருளை ஆலைத் தொழிலாளி குடும்பத்தோடு வந்து பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது!

சரி, படிக்கட்டில் ஏறுங்கள். கைப்பிடியைக் கவனியுங்கள். 1719-20-ல் பாரிஸின் அரச வங்கிக்காகச் செய்த இரும்பு வேலைப்பாடு. நாணயங்கள் கொட்டும் கொம்புகள் அதில் வளைந்து நெளிகின்றன. அதைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள்! இன்று அதைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் மாடிக்குப் போகிறீர்கள்!

லண்டனின் புகழ்பெற்ற ஓவியங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ‘சிரிக்கும் கவாலியர்’. வரைந்தவர் பிரான்ஸ் ஹால்ஸ். உற்றுப் பாருங்கள். அவர் சிரிக்கவே இல்லை! கவாலியர் என்னும் குதிரை வீரரும் இல்லை! படத்திலேயே எழுதியிருப்பது இரண்டே விவரம். வயது 26, ஆண்டு 1624. பெயர்? இல்லை!

1865-ல் பாரிஸில் அந்தப் படம் ஏலத்துக்கு வந்தது. ஒரு பக்கம் ஹெர்ட்ஃபோர்ட் பிரபு, இன்னொரு பக்கம் ரோத்ஸ்சைல்ட் குடும்பத்துக் கோடீஸ்வரர். விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. மதிப்பிட்ட தொகையைப்போல் ஆறு மடங்கு தாண்டிப் பிரபு ஜெயித்தார். 51,000 பிராங்க்!

அதே 1865-ல் பிரபு இன்னொன்றும் வாங்கினார். ஃப்ராகொனார் வரைந்த ‘ஊஞ்சல்’. இளஞ்சிவப்புப் பட்டுடையில் ஒரு பெண் ஆடுகிறாள். காலிலிருந்து ஒரு செருப்பு காற்றில் பறக்கிறது. புதருக்குள் ஓர் ஆள் ஒளிந்திருக்கிறான்! முதலில் வேறோர் ஓவியரைத்தான் கேட்டார்களாம். அவர் மாட்டேன் என்றுவிட்டார். இந்த ஊஞ்சலை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். டிஸ்னியின் ‘ஃப்ரோஸன்’ படத்தில் வந்து போகிறது!

ஒரே பெண்ணை மூன்று போட்டி ஓவியர்கள் வரைந்தால்? கெய்ன்ஸ்பரோ, ரெனால்ட்ஸ், ராம்னி. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உச்ச நட்சத்திரங்கள் மூவர். மேரி ராபின்சன் என்ற நாடக நடிகையை மூவரும் வரைந்தார்கள். மூன்றும் இந்த ஒரே மாளிகையில்!

பூசான் வரைந்த ஒரு நடனக் காட்சி இங்கே தொங்குகிறது. நான்கு பேர் கைகோத்து ஆடுகிறார்கள், காலம் என்னும் கிழவர் யாழ் மீட்டுகிறார். இந்தப் படத்தின் பெயரையே தலைப்பாக வைத்து ஆண்டனி பவல் நாவல் எழுதினார். எத்தனை பாகம்? 12!

பதினைந்தாம் லூயி மன்னரின் படுக்கையறை அலமாரி. வெர்சாய் அரண்மனைக்காக 1739-ல் செய்தது. பொன்முலாம் பூசிய வெண்கலக் கொடி அதன் உடம்பெல்லாம் படர்ந்திருக்கிறது. இழுப்பறை எங்கே முடிகிறது, அலங்காரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!

ரஷ்யப் பேரரசி கேத்தரின் பிரான்சின் செவ்ர் பட்டறையில் 60 பேருக்கான விருந்துப் பீங்கான் செட் சொல்லிச் செய்தார். அதிலிருந்து வந்த ஐஸ்கிரீம் பாத்திரம் இங்கே இருக்கிறது. வயது 240 ஆண்டுக்கு மேல்! மின்சாரம் இல்லாத காலத்தில் ஐஸ்கிரீம், அதற்கென்றே நீலப் பீங்கானில் தனிப் பாத்திரம்!

1750-ஐ ஒட்டிச் செய்த ஒரு கடிகாரம். மணி மட்டுமா காட்டுகிறது? சூரியன் எந்த ராசியில் நிற்கிறது, நிலவுக்கு என்ன வயது, பூமியின் வட பாதியில் எந்த ஊரில் இப்போது என்ன நேரம், எல்லாவற்றையும் காட்டும்! பல் சக்கரங்களை மட்டுமே வைத்து!

இப்போது கீழே இறங்குங்கள். ஆயுதக் கூடம்!

வாசலிலிருந்தே மூச்சடைக்கும். குதிரை மேல் ஒரு வீரர். குதிரைக்கும் கவசம், வீரருக்கும் கவசம். 1480-ஐ ஒட்டி ஜெர்மனியின் லாண்ட்ஷூட் நகரில் அடித்த எஃகு. வீரரின் கவசம் சுமார் 27 கிலோ. ஓர் அரிசி மூட்டையைவிடக் கனம்! குதிரையின் கவசம் சுமார் 30 கிலோ. அதற்கு மேல் ஆள், சேணம், வாள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு குதிரை பாய வேண்டும்!

கவசம் போட்டால் அசைய முடியாது, குதிரை மேல் ஏற்றவே பளுதூக்கி வேண்டும் என்று சினிமாவில் காட்டுவார்கள். நம்பாதீர்கள்! எடை உடம்பு முழுக்கப் பிரிந்து உட்காரும். நல்ல போர்க் கவசம் போட்டவர் ஓடலாம், விழுந்தால் எழலாம், தானாகவே குதிரை ஏறலாம்!

அதிசயம் என்ன தெரியுமா? போருக்குப் போட்டதைவிட விளையாட்டுக்குப் போட்ட கவசம்தான் கனம்! ஈட்டிப் போட்டிக்கான தலைக்கவசத்தை மார்புக் கவசத்தோடு சேர்த்தே முடுக்கிவிடுவார்கள். தலையைத் திருப்பவே முடியாது. முன்னால் குனிந்தால்தான் எதிராளி தெரிவார். மோதும் நொடியில் நிமிர்ந்துவிட வேண்டும். அந்த நொடியில் எதுவுமே தெரியாது!

1400-ஐ ஒட்டிய ஒரு தலைக்கவசத்துக்கு முகமூடி நாய் மூக்கைப்போல நீண்டு கூர்மையாக இருக்கும். பார்க்கப் பயம். நோக்கம் பயமுறுத்துவதல்ல! வந்து விழும் ஆயுதம் அந்தச் சரிவில் பட்டு வழுக்கி விலகிவிடும்!

முதலாம் எலிசபெத் ராணியின் காலத்துக் கவசம் ஒன்று. கிரீனிச் அரசப் பட்டறையில் தயாரானது. சொந்தக்காரர் தாமஸ் சாக்வில். போர்வீரர் என்றா நினைத்தீர்கள்? கவிஞர்! ஆங்கிலத்தின் ஆரம்பகாலச் சோக நாடகமான ‘கோர்போடக்’கை இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர்!

சாவி போட்டு முறுக்கினால் சுடத் தயாராகும் துப்பாக்கி பார்த்திருக்கிறீர்களா? இங்கே உண்டு! உள்ளே ஓர் எஃகுச் சக்கரம் சுழன்று பொறி தெறிக்க வைக்கும். கட்டையில் தந்தம், முத்துச்சிப்பி வேலை. சுடுவதற்கா, ஷோகேஸில் வைப்பதற்கா என்றே தெரியாத அழகு!

கவசங்களுக்கு நடுவே ஒரு தங்கத் தலை! மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தே அரசர் கோஃபி கரிகாரியின் கருவூலத்தில் இருந்தது. 1874-ல் பிரிட்டிஷ் படை குமாசி நகரத்துக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனது. எடை ஒரு கிலோவுக்கு மேல்! அந்த மண்ணின் பொற்கொல்லர் கை அப்படிப்பட்டது. பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

இந்திய, பாரசீக வாள்களின் பக்கம் கட்டாயம் நில்லுங்கள். அலகில் தண்ணீர் அலைபோன்ற கோலம் ஓடும். அது வரைந்ததல்ல! மூசையில் உருக்கிய எஃகுக்குள்ளேயே பிறக்கும் கோலம். அந்த எஃகுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது தென்னிந்தியா! நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் மேல்சிறுவள்ளூரில் மூசை எஃகு உருக்கிய தடயங்களை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள்!

இன்னொரு நம்மூர்ச் செய்தி. 2019 டிசம்பரில் இங்கே ஒரு கண்காட்சி திறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த, உலகம் மறந்த இந்திய ஓவியர்களுக்கானது. அதில் யார் இருந்தார் தெரியுமா? வேலூர் எல்லப்பா! லண்டன் மாளிகைச் சுவரில் நம் வேலூர்க்காரர்!

2024-ல் பஞ்சாப் சிங்கம் ரஞ்சித் சிங்குக்கென்றே தனிக் கண்காட்சி. அரசரோடு சம்பந்தப்பட்ட வாள் இந்த மாளிகையிலேயே இருக்கிறது!

அயர்லாந்திலிருந்து வந்த வெண்கல மணி ஒன்று. புனிதர் மூராவின் மணி. வானத்திலிருந்து ஒலித்துக்கொண்டே இறங்கியதாம்! அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்தால் நோய் தீரும் என்று ஊரே நம்பியது. ஏறத்தாழ ஆயிரம் வயது!

கடைசியாக, என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம். இத்தாலிய மேதை டிஷியன், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக 1550-களில் வரைந்த ‘பெர்சியஸும் ஆன்ட்ரோமெடாவும்’. ஒரு காலத்தில் ஓவியர் வான் டைக்கிடம் இருந்த படம். வாலஸ் குடும்பம் அதை எங்கே மாட்டியிருந்தது? குளியலறையில்! யாருடைய கை என்று யாருக்கும் தெரியவில்லை. அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர் கிளாட் ஃபிலிப்ஸ்தான் கண்டுபிடித்துச் சொன்னார்!

இங்கிருந்து ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது, புதிதாக ஒன்றும் உள்ளே சேரக் கூடாது. லேடி வாலஸின் உயிலுக்கு அப்படித்தான் பொருள் கொண்டார்கள். நூறாண்டுக்கும் மேல் யாருக்கும் எதையும் கடன் கொடுக்கவில்லை. 2019-ல்தான் தற்காலிகக் கடனுக்கு அனுமதி கிடைத்தது. முதன்முதலாக வெளியே போனது எது? அந்தக் குளியலறைப் படம்தான்! 2020 மார்ச் 16 அன்று நேஷனல் கேலரியில், பிலிப் மன்னருக்காக டிஷியன் வரைந்த மற்றப் படங்களோடு அது சேர்ந்தது. நானூறு ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்த படங்கள் ஒரே அறையில்! கொரோனா வந்தது, கதவைச் சாத்தினார்கள். மறுபடி திறக்க ஜூலை ஆயிற்று. முதல் சுற்றில் அந்தக் காட்சி எத்தனை நாள் திறந்திருந்தது தெரியுமா? மூன்றே நாள்!