முகப்பு மங்கிய கண்ணிற் புரை நீக்கல்

முதுமையிற் கண்புரை வருவது யாவரும் அறிந்ததே. ஆயின், புரையின் முன்னுள்ள விழிவெண்படலமும் மங்கியிருப்பின் யாது செய்வது? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பழைய மாணவர் பலர் தம் பெற்றோர் பொருட்டோ, தம்பொருட்டோ இவ்வினாவை எதிர்கொள்ள நேரலாம். ஆதலின் இதனைச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

விழிவெண்படலம் கண்ணின் முகப்புக் கண்ணாடி. வில்லை அதன் பின்னே உள்ளது. வில்லை மங்குதலே புரை. சத்திர வைத்தியர் முகப்பினூடாக நோக்கியே வில்லையைப் பொதிந்த மெல்லுறையை வட்டமாகத் திறத்தல் வேண்டும். முகப்பு மங்கின் உறை தெளிவாய்த் தெரியாது. அது பிழைபடக் கிழியின் புதுவில்லைக்குத் தாங்குமிடம் குன்றும். உறைக்குத் திரிப்பான் நீலச் சாயமூட்டியும், பக்கவாட்டில் ஒளி பாய்ச்சியும் இவ்விடரைக் குறைப்பர்.

வழிகள் மூன்று. முதலாவது, சாள்ஸ் கெல்மன் 1967 இல் அறிமுகஞ் செய்த முறை: கழியொலியால் வில்லையை உடைத்து உறிஞ்சுதல். காயம் மிகச் சிறிது. ஆயின் உள்ளே கருவி நன்கு தெரிதல் வேண்டும். கடும்புரையாயின் நெடுநேர அதிர்வு விழிவெண்படலத்தின் உட்புறக் கலங்களை அழிக்கும். இழந்த கலங்கள் மீளப் பெருகுவதில்லை.

இரண்டாவது, தையல் வேண்டாச் சிறு கீறலினூடே வில்லையின் கருவை முழுதாக எடுத்தல். செலவு குறைவு, கடும்புரைக்கும் ஓரளவு மங்கிய முகப்புக்கும் ஏற்றது. எனினும் கரு வெளிவருகையில் உரசின் அக்கலங்களுக்கு ஊறு நேரும்.

மூன்றாவது மும்மைச் சிகிச்சை: மங்கிய படலத்தை வெட்டி நீக்கி, அவ்வாயிலூடே புரையை அகற்றிப் புதுவில்லை வைத்து, தானமாகப் பெற்ற படலத்தைத் தைத்தல். எல்லாம் ஒரே அமர்வில் முடியும். ஆயின் கண் திறந்திருக்கும் வேளையில் உட்குருதிப் பெருக்கு என்னும் அரிய பேராபத்து உண்டு. புதுவில்லையின் வலுவைக் கணித்தலும் கடினம்.

இவற்றுள் எது மேலானது? பார்வையை மிகுதியாய் மறைப்பது முகப்பா, புரையா என்பதே அதனைத் தீர்மானிக்கும். முகப்பின் மங்கல் மெல்லிதாயின், புரையை மட்டும் நீக்கினும் நடமாடவும் முகம் அறியவும் போதிய பார்வை கிட்டலாம். ஒட்டுப் படலத்தை உடல் மறுக்கும் அச்சமும் இல்லை. மங்கல் தடித்ததாயின் ஒட்டே வழி.

அதற்குத் தானக் கண் வேண்டும். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய இலங்கைக் கண் தானச் சங்கம் 1964 முதல் பிறநாட்டார்க்கும் கண் அனுப்பி வந்துள்ளது. இறந்த சில மணி நேரத்துள் கண்ணைப் பெறுதல் வேண்டுமாதலின், இல்லத்தார் முன்னரே கலந்து முடிவு செய்தல் நன்று.

முகப்பு மங்கியது கண்டு, இனி ஒன்றும் இயலாதென முதியோரை வீட்டு மூலையில் இருத்திவிடாதிருப்போமாக. எவ்வழி ஏற்றதென வைத்தியரை வினவுவதே நம் முதற் கடன்.