ஊரைப் பூட்டினார்கள், முதியோரைக் காத்தார்களா?

கொரோனா ஊரடங்கு தேவைதானா என்று பேச்செடுத்தால் இன்றும் வீட்டுக்கு இரண்டு கட்சி. “அடைத்து வைத்ததால்தான் உயிர் தப்பினோம்” என்பார் ஒருவர். “அடைத்து வைத்துப் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள்” என்பார் இன்னொருவர். டீக்கடைப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்களும் இதே இரண்டு கட்சியாகத்தான் பிரிந்து நின்றார்கள். அவர்கள் போட்ட சண்டை டீக்கடைச் சண்டையைவிட நாகரிகமாக நடந்தது என்றும் சொல்வதற்கில்லை.

சண்டை முற்றிய மாதம் 2020 அக்டோபர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்றொரு சிற்றூர். அங்கே அக்டோபர் 4 அன்று மூன்று பேராசிரியர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: ஸ்டான்ஃபோர்டின் ஜெய் பட்டாச்சார்யா, ஆக்ஸ்ஃபோர்டின் சுனேத்ரா குப்தா, ஹார்வர்டின் மார்ட்டின் குல்டார்ஃப். முதல் இருவரும் கொல்கத்தாவில் பிறந்தவர்கள், மூன்றாமவர் ஸ்வீடன்காரர். இவர்களைக் கூட்டிவைத்தது, சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கை கொண்ட அமெரிக்கப் பொருளாதார ஆய்வு நிறுவனம்.

அவர்கள் சொன்னதன் சாரம் எளியது. இந்த நோய் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. முதியவர் சாகும் வாய்ப்பு இளையவரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆகவே முதியோரையும் இணைநோய் உள்ளவர்களையும் தனியே காப்போம். மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகட்டும். அவர்களிடையே நோய் பரவி எதிர்ப்பாற்றல் வளர வளர, முதியோருக்கும் ஆபத்து குறையும். இதற்குக் ‘குறிவைத்த பாதுகாப்பு’ என்று பெயர் வைத்தார்கள். ஊரடங்கின் சுமையை ஏழைகளும் இளையவர்களும்தான் தூக்குகிறார்கள், கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது உறைப்பதில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. இதை மறுப்பது கடினம்.

பத்து நாளில் எதிரணி பதில் எழுதியது. ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான அதற்கு ஜான் ஸ்னோ குறிப்பாணை என்று பெயர். சமூகத்தில் நோயை ஓடவிட்டுவிட்டு ஒரு பகுதியினரை மட்டும் காப்பது நடைமுறையில் ஆகாத காரியம். சில பகுதிகளில் நலிந்தோர் மட்டுமே மக்கள்தொகையில் 30% வரை வருவார்கள். இத்தனை பேரை மாதக்கணக்கில் ஒதுக்கிவைப்பது அறமும் ஆகாது. ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்பாற்றல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் தெரியாது. இவை அவர்களின் வாதங்கள். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது பிராட் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த மருத்துவர்தான் இந்த ஜான் ஸ்னோ. ஊரை மூடாமல் ஒரு பம்பை மட்டும் குறிவைத்தவரின் பெயரை, குறிவைப்பது நடக்காது என்று வாதிட்டவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு வேடிக்கை.

இதுவரை நடந்தது நல்ல விவாதம். அதற்குப் பின் நடந்ததுதான் கெடுதல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் அன்றைய தலைவர் பிரான்சிஸ் காலின்ஸ், அறிக்கை வந்த நான்காம் நாள் அங்கே தொற்றுநோய்ப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஆண்டனி ஃபவுச்சிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மூவரையும் ஓரத்து ஆட்கள் என்று ஒதுக்கிய அந்தக் கடிதம், அவர்களின் வாதத்தை உடனே தரைமட்டமாக்கும் கட்டுரை ஒன்று வெளிவர வேண்டும் என்றது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2021 டிசம்பரில் அது வெளியானபோது, ஊரடங்கை எதிர்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ட்விட்டர் நிறுவனம் பட்டாச்சார்யாவின் பதிவுகள் பரவாதபடி அவர் கணக்கை ஒரு பட்டியலில் வைத்திருந்ததும் பின்னர் தெரியவந்தது. மறுபக்கமும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. கிரேட் பாரிங்டன் அறிக்கையை ஆதரித்த மருத்துவர்களின் பட்டியலில் ‘டாக்டர் ஜானி பனானாஸ்’ என்ற பெயரும் இருந்தது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் கையெழுத்துப் போடலாம் என்று திறந்துவிட்டால் வேறென்ன வரும்?

சரி, யார் சொன்னது சரி? காலக் கணக்கில் பார்த்தால் மூவர் அணி தோற்றது. அவர்கள் கையெழுத்திட்ட ஐந்தே வாரத்தில், நவம்பர் 9 அன்று, ஃபைசர் தடுப்பூசி வேலை செய்கிறது என்ற செய்தி வந்தது. டிசம்பர் 8-இல் பிரிட்டன் ஊசி போடத் தொடங்கியது. அந்தக் குளிர்காலத்தில் நோயைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும், ஊசி கிடைக்கும்வரை உயிரோடிருக்க முதியவர்களுக்குக் கிடைத்த வாரம். நோயை ஓடவிட்டால் அதுவே அடங்கிவிடும் என்ற நம்பிக்கையை பிரேசிலின் மனவ்ஸ் நகரம் உடைத்தது. முதல் அலையிலேயே ஊரில் பெரும்பகுதிக்குத் தொற்று வந்து போனதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட அந்த நகரில், 2021 ஜனவரியில் உருமாறிய கிருமியோடு இரண்டாம் அலை எழுந்து, மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது.

ஆனால் ஊரடங்குக் கட்சி இதைக் காட்டி வெற்றி கொண்டாட முடியாது. இங்கிலாந்தின் கதை அப்படி.

பிரிட்டனில் 2020 மார்ச் 23 அன்று ஊரடங்கு வந்தது. அதற்கு ஆறு நாள் முன்பு, மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்யும்படி உத்தரவு போயிருந்தது. மார்ச் 17 முதல் ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் பரிசோதனை செய்துதான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. தெருவில் நடப்பவரை போலீஸ் விசாரித்த அதே வாரங்களில், நலிந்தவர்கள் கூடி வாழும் கட்டடங்களுக்குள் கிருமி நுழைய அரசே கதவைத் திறந்துவைத்திருந்தது. அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் நோய் பரவலாம் என்ற ஆபத்தைக் கணக்கில் கொள்ளாததால் அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்று 2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பராமரிப்பு இல்லவாசிகளில் கொரோனாவால் இறந்தோர் எண்ணிக்கை 2021 ஏப்ரல் தொடக்கத்துக்குள் 42,000-ஐத் தாண்டியது. இரண்டு அலைகளிலும் ஊரடங்கு இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

கிருமி எப்படி உள்ளே போயிற்று? பேரப்பிள்ளைகளைத் தடுத்தாயிற்று. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் பாட்டியைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, உடை மாற்றி, கஞ்சி ஊட்டுகிற பெண் தினமும் பேருந்தில் வந்துகொண்டுதான் இருந்தார். இரண்டு மீட்டர் தள்ளி நின்று யாருக்கும் ஊட்டிவிட முடியாது. அவருக்கு லேசாகத் தொண்டை கரகரக்கிறது என்று வையுங்கள். விடுப்பு எடுத்தால் பல இல்லங்களில் கிடைப்பது சட்டப்படியான நோய்க்கால ஊதியம் மட்டும். அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டு. வீட்டு வாடகைக்கே காணாது. ஒரே இல்லத்தில் போதிய மணிநேரம் கிடைக்காதவர்கள் காலையில் ஓர் இல்லம், மாலையில் இன்னோர் இல்லம் என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இது ஊகம் அல்ல. ‘விவால்டி’ என்ற பெயரில் இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2020 ஜூலையில் வந்தது. ஊழியருக்கு நோய்க்கால ஊதியம் கொடுத்த இல்லங்களில் முதியோருக்குத் தொற்று குறைவு; அன்றாடக் கூலிக்கு வெளியாட்களை அடிக்கடி அழைத்த இல்லங்களில் தொற்று அதிகம். இந்த இரண்டு வரி, இருதரப்பு அறிக்கைகளையும் சேர்த்து வைத்தாலும் கிடைக்காத அளவுக்கு உபயோகமானது என்பது என் கருத்து. நலிந்தோரைக் காப்பது என்றால் நடைமுறையில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் விடுப்பில் முழுச் சம்பளம் கொடுப்பது. மூவர் அணியின் அறிக்கை இல்லங்களில் ஊழியர் மாறுவதைக் குறைக்கச் சொன்னது, பரிசோதிக்கச் சொன்னது. தாத்தா பாட்டியோடு சேர்ந்து வாழும் குடும்பங்களுக்கும் விரிவான திட்டம் வகுக்க முடியும் என்றது. அந்தத் திட்டம் என்ன, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. எதிரணியோ, ஊரைப் பூட்டினால் முதியோர் தாமாகவே காக்கப்படுவார்கள் என்று நம்பியிருந்தது.

ஸ்வீடனைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. இரண்டு கட்சியும் அந்த நாட்டைத் தம் பக்கம் இழுக்கும். தொற்றியலாளர் ஆண்டர்ஸ் டெக்னெல் வழிகாட்டிய ஸ்வீடன், சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளை மூடவில்லை, கடைகளை அடைக்கவில்லை. ஆனாலும் 50 பேருக்கு மேல் கூடத் தடை, மேல்நிலை மாணவர்களுக்கு வீட்டிலிருந்து பாடம், முதியோர் இல்லங்களுக்குப் பார்வையாளர் வரத் தடை எல்லாம் இருந்தன. அங்கே எதுவுமே கட்டுப்பாடு இல்லை என்பது வாட்ஸ்அப் கதை. 2020 முடிவில் மக்கள்தொகை விகிதப்படி அங்கு இறந்தவர்கள், பக்கத்து நாடான நார்வேயைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. பெருந்தொற்றின் மூன்றாண்டுகளையும் சேர்த்துக் கூடுதல் மரணங்களைக் கணக்கிட்டாலோ, பல கணக்குகளில் ஸ்வீடன் ஐரோப்பாவிலேயே குறைந்த இழப்புள்ள நாடுகளில் ஒன்று. இரண்டுமே உண்மை. எதை எடுத்துக் காட்டுகிறார் என்பதை வைத்து ஆள் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்வீடன் அரசு அமைத்த விசாரணை ஆணையம் இரண்டையும் சேர்த்தே சொன்னது. இறந்தவர்களில் ஏறக்குறைய 90% பேர் 70 வயதைத் தொட்டவர்கள். அவர்களில் பாதிப்பேர் முதியோர் இல்லவாசிகள். முதியோரைக் காப்பதில் நாடு தோற்றுவிட்டது என்றது 2020 டிசம்பரில் வந்த முதல் அறிக்கை. இல்லங்களை நகராட்சிகள் நடத்துகின்றன, மருத்துவர்கள் மாகாண நிர்வாகத்தின்கீழ் இருக்கிறார்கள். இடையில் விழுந்தவர்கள் முதியோர். மணிக்கணக்குக் கூலிக்கு வரும் ஊழியர்கள் அங்கும் உண்டு. 2022 பிப்ரவரியில் வந்த இறுதி அறிக்கை, ஊரடங்கு போடாத பாதை அடிப்படையில் சரி என்றது. ஆனால் தொடக்கத்திலேயே இன்னும் கடுமையாக நடந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

நம் ஊருக்கு இந்த விவாதத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37% ஒற்றை அறையில் வாழ்பவை. மூட்டை தூக்கப் போய்வரும் மகன், பாட்டி பாய் விரித்திருக்கும் அதே அறையில்தான் படுக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மத்திய அரசு சொன்னபோது, வீட்டுக்குள் யாரிடமிருந்து எப்படித் தள்ளி இருப்பது என்பதைச் சொல்லவில்லை.

ஊரடங்கும் இங்கே தன் வேலையைக் காட்டியது. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னை முழுமையாக மூடப்படும் என்று அறிவித்ததும், முந்தைய நாள் சனம் சந்தையில் முண்டியடித்தது. கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்று, ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று போனது. மே 5-இல் சந்தையையே மூட வேண்டியதாயிற்று.

அதே சென்னையில் வேறொன்றும் நடந்தது. அதைத்தான் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மாநகராட்சி தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது. தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் பால், காய்கறி, மாத்திரை வாங்கிக் கொடுக்கத் தன்னார்வலர்களை நியமித்தது. ரேஷன் கடையில் கூட்டம் சேராதபடி, நாளும் நேரமும் போட்ட டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கிரேட் பாரிங்டன் அறிக்கை பேசிய குறிவைத்த பாதுகாப்பு, அந்தப் பெயரே கேள்விப்படாத ஆட்களால் இங்கே ஊரடங்குக்கு நடுவிலேயே நடந்தது. தொற்று வந்தவர்களின் வீட்டு வாசலைத் தகரம் அடித்து அடைத்த கூத்தும் இதே சென்னையில்தான்.

பிள்ளைகள் கணக்கையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-இல். ஏறக்குறைய இருபது மாதம். கற்றல் இழப்பு பெரிதாக இருந்தது. பள்ளி திறந்து ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அதற்கு மாநில அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் கணிசமாக உதவியது என்றும் ஆய்வு சொல்கிறது. மீளாத மூன்றில் ஒரு பங்கு யாருடைய பிள்ளைகளுடையது என்று கேட்டால் ஊரடங்குக் கட்சியிடம் பதில் இல்லை. காலின்ஸே 2023-இல் இதை ஒப்புக்கொண்டார்: உயிரைக் காப்பதற்கு எல்லையற்ற மதிப்புக் கொடுத்தோம், மக்கள் வாழ்க்கை குலைவதையும் பிள்ளைகள் பள்ளியிழப்பதையும் கணக்கிலேயே எடுக்கவில்லை என்ற பொருளில் பேசினார். 2025-இல் அவர் வகித்த அதே பதவிக்கு வந்தவர், அன்று அவர் ஓரத்து ஆள் என்று ஒதுக்கிய ஜெய் பட்டாச்சார்யா.

விவால்டி ஆய்வு காட்டிய வழிக்கு இங்கிலாந்தில் பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஊழியர் ஒரே இல்லத்தில் வேலை செய்யவும், தனிமையில் இருக்கும்போது முழுச் சம்பளம் பெறவும் 2020 மே மாதம் 60 கோடி பவுண்டில் ஒரு நிதி தொடங்கி, பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2022 மார்ச் இறுதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலோடு இருக்கும் பராமரிப்பாளருக்கு முழுச் சம்பளம் உண்டா இல்லையா என்பது மறுபடி அந்தந்த முதலாளியின் விருப்பமாயிற்று.