எதன்மேல் எது ஒட்டும்?

1912-ல் பாப்லோ பிக்காசோவுக்கு ஓர் ஓவியத்தில் பிரம்பு நாற்காலியின் பின்னல் தேவைப்பட்டது. அதை அவர் வரையவில்லை. பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியில் ஒரு துண்டை வெட்டிக் கான்வாஸில் ஒட்டினார். சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றினார். சில ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹனோவரில் குர்ட் ஷ்விட்டர்ஸ் பழைய டிராம் டிக்கெட்டுகளையும் காகிதக் கிழிசல்களையும் ஒட்டியே படம் செய்தார். பல பொருள்களைக் கலந்து படம் செய்யும் மிக்ஸட் மீடியா ஐரோப்பாவில் இப்படிக் கால்கொண்டது. பலகைமேல் துணி ஒட்டி, புடைப்பு எழுப்பி, கல்லும் தங்கத் தாளும் பதிக்கும் நம் தஞ்சாவூர் ஓவியர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இந்த வேலையில் தேர்ந்தவர்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் என்ன வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதன்மேல் எது நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்வது அதைவிட அவசியம். எண்ணெய் வண்ணம் உள்வரை காய மாதக்கணக்காகும். அதன்மேல் அக்ரிலிக் பூசினால் பிடிப்பில்லாமல் பின்னாளில் உரிந்துவரும். காய்ந்த அக்ரிலிக்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். ஆயில் பாஸ்டல் முழுதாகக் காய்வதே இல்லை என்பதால் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

மெழுகு க்ரேயானில் அழுத்தமாகக் கோடிழுத்து, மேலே வாட்டர் கலரை ஓடவிட்டுப் பாருங்கள். மெழுகு நீரைத் தள்ளும். நிறம் கோட்டின் இருபுறமும் ஒதுங்கும். கோட்டின்மேல் மட்டும் சின்னச் சின்ன மணிகளாகத் திரண்டு, அப்படியே காய்ந்து புள்ளியாகும். எந்தத் தூரிகைக்கும் வராத புள்ளிகள் அவை. இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

காகிதம் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கும். ஒட்டிய துண்டு அடித்தாளையும் சேர்த்து இழுக்கும். நோட்டுத் தாள் சுருண்டுபோவது இதனால்தான். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாள் ஓரளவு தாங்கும். அதுவும் வளைந்தால், பின்பக்கம் அதே அளவில் இன்னொரு தாளை ஒட்டுங்கள். இரண்டு இழுப்பும் சமமாகிவிடும்.

ஒட்டும் தாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட், பசையின் ஈரத்தில் கசியக்கூடும். ஜெராக்ஸ் கசியாது, அதில் இருப்பது சூட்டில் உருகிப் பதிந்த பிளாஸ்டிக் தூள். நாளிதழ்த் தாளில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்தில் பழுப்பேறும். பழுப்பு வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம்.

முதல் படம் அஞ்சலட்டை அளவு இருந்தால் போதும். க்ரேயான், பிறகு வாட்டர் கலர், காய்ந்தபின் ஒரு பழைய பஸ் டிக்கெட்டின் ஜெராக்ஸ். டிக்கெட் வரும் இடத்தில் மெழுகு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பசை பிடிக்காது. ஒட்டியதும் பட்டர் பேப்பர் போட்டு மூடி, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள்.