பண்டிகைப் பரிசுக் கட்டு: அழகும் வேண்டும், கணக்கும் வேண்டும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் நாட்களில் நம் கடைச் சரக்குக்கும் இது பொருந்தும். தனித்தனியாக எடுத்தால் சாதாரணமாகத் தெரியும் முந்திரியும் திராட்சையும், அழகாகக் கட்டி வைத்தால் பரிசாகிவிடுகின்றன. பாலக்கரையில் மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு இதில் லாபமும் வந்திருக்கிறது, நஷ்டமும் வந்திருக்கிறது. இரண்டையும் சக வணிகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காகிதம்: 9 அங்குல நீளம், 6 அகலம், 3 உயரமுள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரட்டித்தால் 18. ஒட்டுவதற்கு 1 அங்குலம் சேர்த்து 19. மறுபக்கம், நீளம் 9 அங்குலத்துடன் இரு முனை மடிப்புக்கும் உயரத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை. ஆக 13½ அங்குலம். 20-க்கு 30 தாள் ஒன்றைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு பெட்டிகளுக்குப் போதும். அளக்காமல் சுற்றினால் பெட்டிக்கு ஒரு தாள் போய்விடும். ரிப்பனைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, பூ முடிச்சும் போட 5 அடி வேண்டும்.

தடை செய்யப்பட்டவை: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளும், உணவுப் பொருளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள்களும் தடையில் உள்ளன. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலத்துக்கும், அலங்காரத் தெர்மோகோலுக்கும் தடை வந்தது. கண்ணாடிப் பேப்பர் என்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது பிளாஸ்டிக்தான். கேட்டு வாங்கவும். பழைய நாளிதழ் உணவுப் பொருளின்மேல் நேரே படக் கூடாது.

மாற்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பனை ஓலைப் பெட்டி, செட்டிநாட்டுக் கொட்டான், மஞ்சப்பை ஆகியவை பரிசு தீர்ந்தபின்னும் வீட்டில் உழைக்கும். பழுப்புக் காகிதத்தின்மேல், பூக்கட்டும் வாழை நாரை நனைத்து, ஈரம் வடிந்தபின் கட்டினால் ரிப்பன் செலவு மிச்சம். முறுக்கு போன்றவற்றைக் காற்றுப்புகாத பாக்கெட்டோடுதான் ஓலைப் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லையேல் நமுத்துவிடும்.

நான் பட்டது: ஒரு தீபாவளிக்கு நாற்பது பெட்டிகளை முன்கூட்டியே கட்டி அடுக்கினேன். பாதிதான் விற்றது. மீதியைப் பொங்கலுக்கு விற்றேன். வாங்கிப் போனவர் ஒருவர் மறுநாளே திரும்பி வந்து, உள்ளிருந்த பாக்கெட்டின் தேதியைக் காட்டினார். கெடு முடிந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுபடி என் கடைக்கு வரவில்லை. தேதி மறையும்படி கட்டியது என் தவறு.

அதுமட்டுமல்ல. வாங்குபவர் எதிரில் இல்லாதபோது அளவு குறித்துக் கட்டி வைத்தால், 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி அதன்மேல் கட்டியவர் பெயர், முகவரி, பொருள்களின் பெயர், நிகர எடை, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பொருளைத் தேர்ந்தெடுத்தபின் அவர் கண்ணெதிரே கட்டிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழாது. மாதிரிக்கு இரண்டு பெட்டி மட்டும் முன்னால் வைத்தால் போதும்.

வரி: வெவ்வேறு பொருள்களைச் சேர்த்து ஒரே விலை போட்டால், அதிலுள்ள மிக அதிக வரி விகிதமே பெட்டி முழுவதற்கும் பொருந்தும். ஆடிட்டர்கள் 'மிக்ஸ்டு சப்ளை' என்பது இதைத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் முந்திரி, திராட்சை, சாக்லெட் ஆகியவற்றுக்கு 5 சதவீதம். இனிப்பான சோடா பானத்துக்கு 40 சதவீதம். வரி நீங்கலாக 500 ரூபாய் முந்திரி, திராட்சையுடன் 100 ரூபாய் பானம் வைத்ததாகக் கொள்வோம். தனித்தனி விலையில் பில் போட்டால் வரி 25-உம் 40-உம் சேர்ந்து 65 ரூபாய். 600 என்று ஒரே விலை போட்டாலோ 240 ரூபாய்! வித்தியாசம் 175. கட்டிய அழகுக்குக் கிடைத்த லாபம் எங்கே நிற்கும்? காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் சீசனுக்கு முன்பே ஆடிட்டரைக் கலந்துகொள்வது நல்லது.

ஆகவே அளந்து வெட்டுவோம், தேதி தெரியக் கட்டுவோம், பொருள்வாரியாகப் பில் போடுவோம். பெட்டியைப் பிரிப்பவர் மனமும் நிறைய வேண்டும், நம் கல்லாவும் குறையக் கூடாது.